அட்வான்ஸுக்குப் பயந்து குடிக்கும் தண்ணீர்

2024 டிசம்பர் முதல் வாரம். சென்னையை அடுத்த பல்லாவரம் மலைமேடு, காமராஜ் நகர் பக்கம் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக 30க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிர்களும் போயின. குழாயில் சாக்கடை கலந்து வந்தது என்றார்கள் தெருக்காரர்கள். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. தண்ணீர் மாதிரிகள் சோதனைக்காகக் கிண்டி கிங் நிலையத்துக்குப் போயின.

காரணம் எதுவானாலும், மக்களின் பயத்தில் நியாயம் உண்டு. நம் பக்கம் குழாய்த் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. சாக்கடையை ஒட்டிப் போகும் பழைய குழாயில் சின்ன விரிசல் இருந்தால் போதும், வெளியே தேங்கிய கழிவு உள்ளே இழுபடும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். அடுத்த முறை திறந்துவிடும்போது முதல் குடத்தில் வந்து விழுவது அதுதான். அதைக் கொட்டிவிடுங்கள். பிறகு வெள்ளை பக்கெட்டில் பிடித்து நிறம் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். தெளிவாக இருந்தாலும் நம்பாதீர்கள், கிருமி கண்ணுக்குத் தெரியாது. தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

சேலையூரில் நான் பார்த்த ஒரு வீட்டில் நாலு போர்ஷனுக்கும் ஒரே சம்ப். மூடி உடைந்து, பிளைவுட் பலகை போட்டு மேலே கல் வைத்திருந்தார்கள். இரண்டடி தள்ளி கழிவுநீர்த் தொட்டி. ஓனரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "காலி பண்ணச் சொல்லிடுவாருங்க, அட்வான்ஸ் அவர்கிட்டதானே இருக்கு" என்றார் அங்கே குடியிருக்கும் ஒரு அம்மா. வாடகைக்கும் கேன் தண்ணீருக்கும் போக மிஞ்சுவதே கொஞ்சம். இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் புரட்ட அவரால் எப்படி முடியும்?

தண்ணீர் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரைக் காலி செய்யச் சட்டத்தில் இடமில்லை. 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, அதில் சொன்ன காரணங்களுக்காக, வாடகை நீதிமன்ற உத்தரவோடு மட்டுமே வெளியேற்ற முடியும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி நெருக்குவதும் சட்டவிரோதம்தான். துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் குழாய் மாற்றுவது ஓனர் பொறுப்பு. அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், படித்துப் பார்த்துப் போடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். இதற்கெல்லாம் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

ஓனரிடம் வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள், தேதி நிற்கும். கலங்கல் தண்ணீரைப் படம் எடுங்கள். மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல்வர் உதவி மைய எண் 1100க்கும் புகார் செய்யலாம். குளோரின் பார்க்க வரச் சொல்லிக் கேளுங்கள்: குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். சோதனை உங்கள் கண்முன் நடக்கட்டும்.

ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஒரே நாளில் வயிறு கெட்டால் அது சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தைக்குக் கண் குழிந்து, சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடந்தால் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.