மலிவான வீடும் கோபமான ஓட்டும்

வீட்டு விலை எகிறும் ஊரில்தான் மக்கள் கொதிப்பார்கள், அந்தக் கொதிப்பு ஓட்டுப் பெட்டியில் தெரியும் என்றுதான் நினைப்போம். பிரிட்டனின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் அளவுகோல். வீடு வாங்குவது எவ்வளவு கடினம் என்று அறிய, அந்நாட்டுத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வீட்டு விலையை ஆண்டுச் சம்பளத்தால் வகுக்கிறது. சராசரியை எடுத்தால் நாலைந்து மாளிகைகளே கணக்கைத் தூக்கிவிடும். அதனால் விலைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுக்கிறார்கள், சம்பளத்துக்கும் அப்படியே. இங்கிலாந்தில் 1997இல் வந்த விடை சுமார் மூன்றரை. சாப்பிடாமல், வாடகை தராமல் மூன்றரை வருஷச் சம்பளத்தைச் சேர்த்தால் ஒரு வீடு. 2016இல் அது ஏழரையைத் தாண்டிவிட்டது.

அந்த 2016 ஜூன் 23 அன்றுதான் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்பு நடந்தது. 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். வீடு எட்டாக்கனியாகிவிட்ட லண்டனின் லாம்பெத் பகுதியில் 78 சதவீதத்துக்கு மேல் விலகலை எதிர்த்தார்கள். பீங்கான் தொழில் நசிந்த ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் 69 சதவீதம் விலகலுக்கு ஆதரவு. 2013இல் அந்த ஊர் மாநகராட்சி, ஆளில்லாமல் கிடந்த சில வீடுகளை ஒரு பவுண்டுக்கு விற்றுப் பழுதுபார்க்கக் கடனும் கொடுத்தது!

இது ஏதோ இரண்டு ஊர்களின் கதை அல்ல. பென் அன்செல், டேவிட் அட்லர் என்ற ஆய்வாளர்கள் பகுதிவாரியாக ஒப்பிட்டபோதும், வீட்டு விலை குறைவான இடங்களில் விலகல் ஓட்டு கூடுதலாக இருந்தது. காரணம் புரியாததல்ல. சாதாரணக் குடும்பத்துக்கு வீடுதான் பெரிய சொத்து. பக்கத்து நகரங்களில் விலை ஏற, தன் வீடு மட்டும் அப்படியே கிடந்தால், அதை விற்று வேலை இருக்கும் ஊருக்குக் குடிபோக முடியாது. விலையைச் சம்பளத்தால் வகுக்கும் கணக்கில் ஸ்டோக் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. அங்கே குடியிருப்பவருக்கு அதுவே பூட்டு. மலிவை அப்படியே நலம் என்று படிப்பதுதான் இந்த எண்ணில் நாம் செய்யும் பெரிய பிழை என்பேன்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. ஊரைப் பற்றிய எண் ஆளைப் பற்றிச் சொல்லாது. அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கை வைத்து டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள பகுதிகளில் எழுத்தறிவு அதிகம். ஆனால் ஆளாளாகப் பார்த்தால் அவர்களுக்குத்தான் எழுத்தறிவு குறைவு. எழுத்தறிவு மிகுந்த இடங்களில் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பிரிட்டனிலும் ஆட்களிடம் கேட்டபோது படம் மாறியது. வாக்கெடுப்பு நாளில் ஆஷ்கிராஃப்ட் பிரபு நடத்திய கருத்துக்கணிப்பில், கடனில்லாமல் சொந்த வீடு வைத்திருப்போரில் 55 சதவீதம் விலகல் பக்கம். வீட்டுக் கடன் கட்டுவோரில் 54 சதவீதம் எதிர்ப் பக்கம். மாநகராட்சி வீடுகளிலும் அதுபோன்ற மலிவு வாடகை வீடுகளிலும் இருப்போரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விலகல்தான். வசதியாக வீடு வைத்திருப்பவரும் மலிவு வாடகை வீட்டில் இருப்பவரும் ஒரே பக்கம்.

ஆனால் கடனைக் கட்டி முடித்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். 65 வயதைத் தாண்டியோரில் 60 சதவீதம் விலகலுக்கே ஓட்டுப் போட்டதாக அதே கணிப்பு சொன்னது. ஓட்டைத் தீர்மானித்தது வீடா, வயதா என்று பிரித்தறிய, ஒரே வயதுக்காரர்களில் வீடு உள்ளவரையும் இல்லாதவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.