நிலம் கைவிட்டுப் போனாலும் படிப்பு கைவிட்டுப் போக வேண்டியதில்லை

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதிலுமிருந்தும் எழுந்த விவசாயக் குடும்பங்களில் சில, காலப்போக்கில் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் ஒதுங்கின. தோட்டமும் கிணறும் பின்னால் நின்றுவிட்டன. பிள்ளைகளின் பரீட்சைகளும் குழம்பின. வயது போய்விட்டது, இனிப் பல்கலைக்கழகம் எட்டாது என்று மனம் தளர்ந்த பெற்றோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

நாவலையில் 1980 இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் வயது ஒரு தடையல்ல. பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும். மேல் எல்லை கிடையாது. பகலில் கடையில் நிற்பவரும் இரவில் படிக்கலாம். இங்குள்ள பொறியியல் தொழில்நுட்ப பீடத்தில் குடிசார், மின், இலத்திரனியல், இயந்திரவியல் துறைகளோடு விவசாயப் பொறியியலும் உண்டு. உயர்தரத்தில் போதிய பெறுபேறு இல்லாதவர்கள் அடிப்படைப் பாடநெறியில் தொடங்கிப் படிப்படியாக ஏற வழி இருக்கிறது.

எப்படிப் படிப்பது?

பாடநூல்கள் கைக்கு வரும். வீட்டிலிருந்து படித்து ஒப்படைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். இடையிடையே நேரடி வகுப்புகளும் தேர்வுகளும் நடக்கும். ஆனால் இயந்திரத்தைத் தபாலில் படிக்க முடியாது. ஆய்வுகூடப் பயிற்சிக்குக் கட்டாயம் போகவேண்டும். கொட்டாஞ்சேனையில் இருப்பவர் ஹெட்டியாவத்தையில் 176 ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறினால் நாவலைக்குப் போய்ச் சேரலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்கள் உள்ளன.

சிரமங்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மற்ற அரச பல்கலைக்கழகங்களைப் போல் இது இலவசமல்ல, கட்டணம் உண்டு. பொறியியல் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. வேலையோடு படிப்பவருக்குப் பட்டம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். கணிதத்தில் தடுக்கி இடையில் விட்டவர்களும் உண்டு. ஆகவே சேருமுன் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் ஓராண்டாவது திருத்திக்கொள்வது நல்லது.

எனினும் நம் பிள்ளைகள் வெறுங்கையோடு போகவில்லை. எரிபொருள் தடைக் காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்கள் நம் விவசாயிகள். அது ஏன் ஓடியது என்பதைத்தான் பாடநூல் விளக்குகிறது. கை அறிந்த வேலைக்குக் கணக்கும் காரணமும் சேர்ந்தால், நாளை மண்ணுக்குத் திரும்பும்போது நீர்ப்பாசனத்தையும் இயந்திரங்களையும் திருத்தி அமைக்க நம்மிடமே ஆள் இருக்கும்.

பெற்றோரே, மூன்று காரியம் செய்யுங்கள். அனுமதி அறிவித்தலையும் கட்டண விபரத்தையும் பல்கலைக்கழகத்திலேயே நேரில் கேளுங்கள், தரகரை நம்பாதீர்கள். பட்டத்தின் அங்கீகாரத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தில் விசாரியுங்கள். ஒரே பாடத்தைப் படிக்கும் நாலைந்து பேரைச் சேர்த்து, பங்கு மண்டபத்தில் மாலையில் இருந்து படிக்க இடம் கேளுங்கள். ஒற்றை அறையில் முடங்கியிருக்கும் தாலந்தை மண்ணில் புதைத்து வைக்க வேண்டாம்.