எதிரி நாட்டுக் குழந்தைக்கும் பசி உண்டு!

கைதான பெண்மணி, உலகக் குழந்தைகளின் காவலர் ஆன வரலாறு

1919-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம்.

லண்டன் நகரின் டிரபால்கர் சதுக்கத்தில் ஒரு பெண்மணி நின்று கொண்டிருந்தார். வயது 42. போவோர் வருவோர் கையில் எல்லாம் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார்.

அதில் ஒரு குழந்தையின் படம் இருந்தது. தலை பெரிது, கால்களோ குச்சி. பட்டினியால் வாடிய ஆஸ்திரியா நாட்டுக் குழந்தை அது.

போலீசார் வந்தார்கள். அந்தப் பெண்மணியைக் கைது செய்தார்கள்!

பசித்த குழந்தையின் படத்தைக் காட்டுவது குற்றமா? அன்றைய இங்கிலாந்தில் அது குற்றமாகத்தான் இருந்தது.

முற்றுகை

முதல் உலக யுத்தம் 1914-ல் தொடங்கியது. இங்கிலாந்து ஒரு பக்கம்; ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் எதிர்ப்பக்கம். எதிரி நாடுகளுக்கு உணவுக் கப்பல்கள் போகாதபடி, பிரிட்டிஷ் கடற்படை கடலை மறித்து நின்றது.

1918 நவம்பர் 11-ந் தேதி பீரங்கிகள் ஓய்ந்தன. ஆனால் முற்றுகை ஓயவில்லை. சமாதான ஒப்பந்தத்தில் ஜெர்மனி கையெழுத்துப் போடும் வரை, அது முழுவதும் நீக்கப்படவில்லை.

யுத்தம் செய்தவர்கள் பெரியவர்கள். பால் இல்லாமல் தவித்தவை குழந்தைகள்.

"இது நியாயமா?" என்று கேட்டவர்தான் அந்தப் பெண்மணி. அவர் பெயர் எக்ளன்டைன் ஜெப்.

பணக்கார வீட்டுப் பெண்

ஜெப் அம்மையார் 1876-ல் பிறந்தார். வசதியான குடும்பம். ஆக்ஸ்போர்டில் சரித்திரம் படித்தார்.

படித்து முடித்ததும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. வேலையை விட்டார். பிறகு கேம்பிரிட்ஜ் நகரில் ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்து, 1906-ல் ஒரு புத்தகம் எழுதினார்.

1913-ல் மாசிடோனியாவுக்குப் போனார். அங்கே யுத்தத்தால் வீடு வாசல் இழந்த மக்களைக் கண்ணால் கண்டார். ஒரு யுத்தம் முடிந்த பிறகும் அதன் துன்பம் முடிவதில்லை என்பதை அங்கே தெரிந்து கொண்டார்.

ஒரு செய்தி வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சும் பழக்கம் ஜெப் அம்மையாருக்குக் கிடையாது. அவர் மணம் செய்து கொள்ளவும் இல்லை. ஆனாலும் எந்தக் குழந்தையும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். பாசத்தைவிட நியாயம்தான் அவரை நடத்தியது!

கோர்ட்டில் நடந்தது

மே மாதம் வழக்கு விசாரணைக்கு வந்தது. தணிக்கை அதிகாரியின் அனுமதி இல்லாமல் பிரசுரம் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு.

ஜெப் அம்மையார் வக்கீல் வைத்துக் கொள்ளவில்லை. தானே வாதாடினார். சட்டப்படி தன் கட்சி நிற்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால் சட்டத்தைப் பேசவில்லை, தர்மத்தைப் பேசினார்.

தீர்ப்பு: 5 பவுன் அபராதம்!

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். அவருக்கு எதிராக வாதாடிய அரசாங்க வக்கீல் ஆர்ச்சிபால்ட் பாட்கின், 5 பவுனைத் தன் சொந்தப் பையிலிருந்து எடுத்து அம்மையாரிடம் கொடுத்தார்! குழந்தைகள் நிதிக்குக் கிடைத்த முதல் நன்கொடை அதுவே என்று சொல்வார்கள்.

அழுகிய பழங்கள்

அதே மே மாதம் 19-ந் தேதி. லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பொதுக்கூட்டம். மண்டபம் நிரம்பி வழிந்தது.

வந்தவர்கள் எல்லோரும் நண்பர்கள் அல்ல. "எதிரிக்குச் சோறு போடச் சொல்லும் துரோகி" என்று அம்மையார் மீது கோபம் கொண்டவர்களும் வந்தார்கள். மேடை மீது வீச அழுகிய பழங்களைக் கொண்டு வந்தவர்களும் உண்டு.

ஜெப் அம்மையார் பேசத் தொடங்கினார். முதலில் குரல் தழுதழுத்தது. பேசப் பேச உறுதி பிறந்தது. குழந்தைகள் பசியால் சாவதைப் பார்த்துக் கொண்டு சும்மா இருக்க மனிதர்களால் முடியாது என்றார். பழங்கள் பறக்கவில்லை. பணம் குவிந்தது!

"குழந்தைகளைக் காப்பாற்றுவோம் நிதி" அன்றுதான் பிறந்தது. அவருடைய தங்கை டோரதி பக்ஸ்டன் இந்த முயற்சியில் அவருக்குத் துணை நின்றார்.

வாரம் ஒரு ஷில்லிங்

1921-ல் ரஷியாவில் வால்கா நதிக்கரையில் கொடிய பஞ்சம். அம்மையார் சும்மா இருக்கவில்லை. 600 டன் சாமான்களுடன் ஒரு கப்பல் ரஷியாவுக்குப் புறப்பட்டது.

"கம்யூனிஸ்டு நாட்டுக்கு நம் பணமா?" என்று சிலர் எதிர்த்தார்கள். அம்மையார் பதில் சொல்ல ஒரு புது வழி கண்டார். பஞ்சப் பகுதியைச் சினிமாப் படமாக எடுக்கச் செய்து, ஊர் ஊராகக் காட்டினார். பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். பார்த்தவர்கள் பணம் அனுப்பினார்கள்.

சாரடாவ் பகுதியில் சமையல் கூடங்கள் திறக்கப்பட்டன. சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்கு அன்றாடம் உணவு கிடைத்தது.

செலவு எவ்வளவு தெரியுமா? ஓர் ஆளுக்கு வாரம் ஒரு ஷில்லிங்! அந்நாளில் ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். கோர்ட்டில் விதித்த அபராதம் 5 பவுன், அதாவது 100 ஷில்லிங். ஒரு குழந்தைக்கு 100 வாரச் சாப்பாடு!

ஐந்து வாக்கியங்கள்

சோறு போட்டால் மட்டும் போதாது என்று அம்மையார் எண்ணினார். இன்று தருமம் செய்பவர் நாளை கையை மூடிக் கொள்ளலாம். ஆனால் உரிமை என்று ஆகிவிட்டால்?

1923-ல் ஜெனீவாவில், குழந்தைகளின் உரிமைகள் பற்றி ஒரு சாசனம் தயார் செய்தார். மொத்தம் ஐந்தே அம்சங்கள்.

குழந்தை நன்கு வளர வழி வேண்டும். பசித்த குழந்தைக்கு உணவும், நோயுற்ற குழந்தைக்கு மருத்துவமும், அனாதைக் குழந்தைக்கு நிழலும் வேண்டும். ஆபத்துக் காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே. பிழைக்கத் தொழில் கற்றுத் தர வேண்டும். யாரும் அதைச் சுரண்டக் கூடாது. தன் திறமை பிறருக்கும் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்துடன் அது வளர வேண்டும்.

1924-ல் சர்வதேச சங்கம் இந்தச் சாசனத்தை ஏற்றது.

மறைவுக்குப் பின்

1928 டிசம்பரில் ஜெப் அம்மையார் ஜெனீவாவில் காலமானார். வயது 52.

அவர் விதைத்தது வளர்ந்தது. 1959-ல் ஐக்கிய நாடுகள் சபை, குழந்தை உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. 1989-ல் அது உலக ஒப்பந்தமாக விரிந்தது. 1992-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

வேலை முடிந்துவிடவில்லை. இன்றும் யுத்தம் நடக்கும் இடங்களில் முதலில் வாடுவது குழந்தையின் வயிறுதான். "அது யாருடைய குழந்தை?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு, கையில் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரத்துடன், 1919-லேயே ஒரு பெண்மணி பதில் சொல்லிவிட்டார்:

பசிக்கு நாடு கிடையாது!