மொறிஸ் மைனரும் நாமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் எம் இல்லந் தேடி வந்தார். பழைய மோட்டார் வண்டிகளைச் சேகரிப்பவர். முற்றத்துக் கொட்டிலில் நின்ற எமது மொறிஸ் மைனரை முன்னும் பின்னுமாகச் சுற்றிப் பார்த்தார். மட்காட்டை விரலாற் தட்டிச் செவி கொடுத்துக் கேட்டார். ஈற்றில் ஒரு விலை சொன்னார். அத்தொகை எம் வீட்டுக் கூரையின் உக்கிப்போன சலாகைகளையும் உடைந்த ஓடுகளையும் முற்றாக மாற்றப் போதுமானது. மாரிக்கு முன் கூரையைப் பார்க்கவேண்டும் என்று மனையாள் இரண்டாண்டுகளாகச் சொல்லிவருகின்றார். ஆகவே ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் விடை கூற எம்மால் இயலவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பிவைத்தோம்.

யோசிக்கப் புகுந்தபோது, இவ்வண்டியை வைத்திருந்த ஏனையோரையும் கேட்டறிந்தால் என்ன என்று தோன்றியது. எம் அயற் கிராமங்களில் அத்தகையோர் சிலர் இன்னும் உளர். பெரும்பாலும் எழுபது கடந்தவர்கள். காரைப் பற்றிக் கேட்டால் தம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுபவரைப்போலப் பேசுகின்றார்கள். அதாவது, முதலிற் குறைகளைத்தான் சொல்கின்றார்கள்.

அவற்றைச் சொல்லுமுன் வண்டியின் பிறப்பைச் சற்றுக் கூறுவோம். இதை உருவாக்கியவர் அலெக் இசிகோனிஸ். 1906 இல் சிமேர்ணா நகரிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறியவர். 1959 இல் ‘மினி’ என்ற மற்றொரு சிறு வண்டியை உலகுக்கு அளித்தவரும் இவரே. மொறிஸ் மைனரின் மாதிரி வண்டி ஏறக்குறைய ஆயத்தமாகியிருந்த வேளையில், அது ஒடுங்கலாய் இருக்கின்றதென்று அவருக்குப் பட்டது. உடனே அதை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளக்கச் செய்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் அகன்றதும் அதுவே அளவு என்று நிறுத்தினாராம். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கங்குலத்தின் அடையாளம். முன்னரே செய்து வைத்துவிட்ட பம்பர்களையும் நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டார்கள். கம்பனி அதிபரான நஃபீல்ட் பிரபுவுக்கு வண்டியின் வடிவம் பிடிக்கவில்லை. ஓடு நீக்கி நீரில் அவித்த முட்டைபோல் இருக்கின்றதென்று இகழ்ந்தார் என்பர். 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் அம்முட்டை அரங்கேறியது. வரியுட்பட விலை ஏறத்தாழ 360 பவுண். 1960 டிசெம்பரிற் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது; பிரித்தானிய வண்டிகளுள் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. எழுபதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தம் பதினாறு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரு முட்டையிலிருந்து இத்தனை குஞ்சுகள்!

இலங்கையில் இதை விரும்பி வாங்கியவர்கள் வைத்தியர்களும் ஆசிரியர்களும் அரசாங்க லிகிதர்களுமாவர். யாழ்ப்பாணத்துச் சந்திகளில் வாடகைக்கு நின்றவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ-40 போன்ற சற்றுப் பெரிய வண்டிகள். மொறிஸ் மைனர் வீட்டுக் கார். அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுகியது. அதன்பின் புதிதாக வந்தவை அரிது. இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. எம் தந்தையாரும் ஆசிரியர். 1974 இல், அப்போதே பத்தொன்பது வயதாகியிருந்த வண்டியொன்றை ஒரு வைத்தியரிடமிருந்து வாங்கினார். இரு துண்டாய் அமைந்த முன்கண்ணாடி, 803 சிசி எஞ்சின், முப்பது குதிரைவலு. திரும்பும் திசையைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து சிறு கையொன்று வெளியே நீளும். நீண்ட கை முதுமையினால் மடங்க மறுத்தால், உள்ளேயிருந்து தூணில் ஓர் அடி கொடுப்பது சிறுவனாயிருந்த எம் உத்தியோகம்.

இனிக் குறைகள். சுன்னாகத்தில் வாழும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், இவ்வண்டியின் முன் சில்லுகளைத் தாங்கும் திருகாணி மூட்டைப்பற்றி எம்மிடம் ஒரு மணிநேரம் பேசினார். அம்மூட்டுக்கு ஆயிரம் மைலுக்கொரு முறையாவது கிறீஸ் ஊட்டவேண்டும். ஊட்டாதுவிட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் மூட்டுக் கழன்று, சில்லு மடிந்து, வண்டி முழந்தாளிட்டுவிடும். அவருக்கு அது மருதனார்மடத்துச் சந்தையடியில் நேர்ந்தது. வேகமில்லாததால் ஒருவருக்கும் காயமில்லை. “பிழை காரிலை இல்லை, தம்பி. மகளின்ரை கலியாண அலுவல், மூண்டு மாசம் நான் அதின்ரை பக்கம் போகேல்லை” என்றார். ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அவர் குரலிற் குற்றவாளியின் தொனி இருந்தது.

பெற்றோல் பம்பும் அத்தகையதே. அது மின்னால் இயங்குவது. திறப்பைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று ஒலித்து, காபறேற்றர் நிறைந்ததும் ஓயும். ஒலி கேளாவிட்டால் முனை ஒட்டிக்கொண்டுவிட்டதென்பது பொருள். திருப்புளிப் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் மீண்டும் உயிர்க்கும். இணுவிலில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு பொனற்றைத் திறந்து பம்புக்குத் தட்டியதைக் கண்டு, ஊரார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். தாம் கார் ஓட்டியதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டதாம். பொனற்றைத் திறந்ததைத்தான் பொறுக்கவில்லையாம்.

எல்லோரும் ஒருமுகமாகச் சபித்த உறுப்பு பிறேக்கின் மாஸ்ரர் சிலிண்டர். அதைச் சாரதியின் காலடியில், தளத்தின் கீழ் ஒளித்துவைத்திருக்கின்றார்கள். கழற்றப் போனால் அதன் ஆணிகளுக்குக் குறுக்கே சில்லுத் தொங்கலின் முறுக்குக் கம்பி நிற்கும். இசிகோனிஸ் அவர்களின் மேதையை மதிக்கும் நாம் இவ்விடயத்தில் மட்டும் அவரை மன்னிப்பதாயில்லை.

அது நிற்க. இக்குறைகளுள் ஒன்றேனும் வீட்டு முற்றத்திற் திருத்தமுடியாததன்று. மட்காட்டு ஆணிகளைக் கழற்றினால் மட்காட்டுத் தனியே வந்துவிடும். சாவிகள் ஒரு கட்டு, ஒரு திருப்புளி, பொறுமை. இவையிருந்தால் ஒருவன் எஞ்சினை அடிவரை பிரிக்கலாம். இதன் பெறுமதி யாது என்பதை யாழ்ப்பாணத்தார் 1990க்குப் பின்னரே முற்றாக அறிந்தார்கள்.

அவ்வாண்டு யூனிற் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் வந்த பொருளாதாரத் தடையிற் பெற்றோலும் பற்றறியும் மோட்டார் உதிரிப்பாகங்களும் அகப்பட்டன. பெற்றோல் சிறு போத்தல்களில் மருந்துபோல் விலைப்பட்டது. அக்காலத்திற் பின்வந்த புதுமாதிரி வண்டிகள் பல கொட்டிலில் உறங்க, கிழட்டு மொறிசும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. காரணம் எளியது. பழைய எஞ்சின்கள் எரிகலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே நெருக்குவன. அந்நெருக்கத்தை மண்ணெண்ணெய் ஓரளவு தாங்கும். கூடுதலாக நெருக்கும் எஞ்சினில் அது வேளைக்கு முன் வெடித்து உள்ளே சம்மட்டியால் அடிப்பதுபோல் முழங்கும். ஆயினும் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலாற் தந்தையார் பொனற்றின் கீழ் ஒரு சிறு போத்தலிற் பெற்றோலைத் தொங்கவிட்டு, வைத்தியசாலையிற் கழித்த சேலைன் குழாயாற் காபறேற்றருக்கு இணைத்தார். பெற்றோலிற் தொடக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றினாற்தான் அடுத்த முறை தொடங்கும். மறந்தால் காபறேற்றரைக் கழற்றிக் கழுவவேண்டியதே. எரியாத மண்ணெண்ணெய் வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்வதால் ஒயிலையும் அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. வண்டியின் பின்னாற் கரும்புகை. உள்ளே இருந்தவர் உடையெல்லாம் மண்ணெண்ணெய் மணம். அவ்வாண்டுகளில் மணமுடித்த எம் சிற்றன்னையின் கூறைச்சேலையில் அம்மணம் நெடுநாள் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சிக்கு வெளியேறவேண்டும் என்ற அறிவிப்பு ஒலிபெருக்கியிற் கேட்டது. எமக்கு அப்போது பதினான்கு வயது. கோண்டாவிலிலிருந்து கைதடிக்குச் சாதாரண நாளில் அரை மணிநேர ஓட்டம். அன்று பொழுதுபட வெளிக்கிட்ட நாம் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. மழை. தெரு நிறைய மனிதர், துவிச்சக்கர வண்டிகள், மாடுகள், மூட்டைகள். வண்டியினுள்ளே அப்பாச்சி, கைக்குழந்தையான தங்கையுடன் அம்மா, அயல்வீட்டிற் பாரிசவாதத்திற் கிடந்த முதியவர். செம்மணி வெளிக்கு வருமுன்னரே றேடியேற்றர் கொதிக்கத் தொடங்கியது. ஊர்ந்து செல்லும் வண்டிக்குக் காற்று ஏது?

“எஞ்சினை நிப்பாட்டுவம். கொதிச்சு இறுகினால் பிறகு எங்களிட்டை ஒண்டுமில்லை” என்றார் தந்தையார். நிறுத்தினார். கதவைத் திறந்து, ஒரு கையாற் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். நாமும் பின்னாலிருந்து தள்ளினோம். சிறிது நேரத்தில் எமக்கு இருபுறமும் வேறு கைகள் வந்து சேர்ந்தன. யாரென்று இன்றுவரை தெரியாது. ஒருவர் தம் மூட்டையை வண்டியின் கூரைமேல் வைத்துவிட்டுத் தள்ளினார். களைத்தபோது மூட்டையை எடுத்துக்கொண்டு கூட்டத்துள் மறைந்தார். மற்றொருவர் அவ்விடத்துக்கு வந்தார். பாரமான வண்டியாயின் அன்று அவ்விடத்திலேயே விட்டிருப்போம். அம்மா படங்குச் சீலையில் மழைநீரை ஏந்தி வாளியிற் சேர்த்து றேடியேற்றருக்குத் தந்தார். பாலங் கடந்து கூட்டம் சற்றுக் கலைந்தபின் தந்தையார் போத்தற் பெற்றோலைத் திறந்தார். ‘டிக் டிக்’ என்று பம்பு ஒலித்தது. அப்பாச்சி உரத்துத் தேவாரம் பாடத் தொடங்கினார்.

மீசாலையில் ஆறு மாதம் இருந்தோம். அப்பாச்சி அங்கேயே கண்மூடினார். 1996 ஏப்பிரலில் அதே வண்டியில் ஊர் திரும்பியபோது வீட்டுக் கூரையின் ஒரு பாதி ஷெல்லடியில் விழுந்துகிடந்தது. அகப்பட்ட சலாகைகளையும் ஓடுகளையும் கொண்டு தந்தையார் ஒட்டுப்போட்டார். அந்த ஒட்டே இப்போது ஒழுகுகின்றது.

மண்ணெண்ணெய் வித்தை என்றைக்கும் பலிக்கும் என்று எண்ணிவிடவேண்டாம். 2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் அற்றுப்போனபோது மண்ணெண்ணெய்க்கே நீண்ட வரிசை. கியூஆர் முறை வந்தபின் காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். எம்முடன் கற்பிக்கும் இளம் ஆசிரியரின் சிறிய புதுக் கார் அந்த இருபது லீற்றரில் எமது வண்டியைவிட நெடுந்தூரம் ஓடியது, குளிரூட்டியும் உண்டு. மனையாள் அதைச் சுட்டிக்காட்டாத வாரம் இல்லை. நியாயந்தான். இருக்கைப் பட்டியில்லாத காரிற் பிள்ளைகளை ஏற்றி ஏ-9 வீதியில் நெடும்பயணம் போக எமக்கும் இப்போது மனம் வருவதில்லை.

விலை பேசிய செய்தியை அம்மாவிடம் சொன்னோம். அவருக்கு எண்பது வயதாகின்றது. நெடுநேரம் ஒன்றுஞ் சொல்லவில்லை. பின்னர், “கூரை ஒழுகுதுதானே, குடு” என்றார். சற்றுக் கழித்து, “அந்தத் தம்பிக்குக் கிறீஸ் வைக்கிற இடம் தெரியுமோ?” என்று கேட்டார்.

அன்றிரவு கொழும்பு நண்பருடன் தொலைபேசியிற் பேசினோம். தாம் அதை ஓட்டப்போவதில்லை என்றும், கண்ணாடி மண்டபத்திற் துடைத்து வைக்கப்போவதாகவும் அவர் மிக மரியாதையாகச் சொன்னார். தவணை விடுமுறைக்குப் பின்னர் முடிவு சொல்வதாகக் கூறியிருக்கின்றோம். கூரைக்கு ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்திற் கடன் கேட்டும் ஒரு விண்ணப்பம் எழுதி மேசையில் வைத்திருக்கின்றோம், இன்னும் கையொப்பமிடவில்லை. இதற்கிடையிற் பிறேக் மீண்டும் தாழ்கின்றது. சனிக்கிழமை விடிய, இந்த மாஸ்ரர் காரின் கீழே படுத்து அந்த மாஸ்ரரைக் கழற்றவேண்டும்.