கோவாவோடு ஒரு பத்தாண்டுக் கணக்கு

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி
இந்தியன் சூப்பர் லீக், 2014–2024

கத்திவாக்கத்தில் மின்ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், இந்த அணியின் சொந்தக் களமான நேரு விளையாட்டரங்கம் நடை தூரம்தான்.

2014: பட்டியலில் முதலிடம், அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் தோல்வி.

2015: இறுதிப்போட்டி. 87-ஆம் நிமிடத்தில் 1–2 எனப் பின்தங்கியது. அடுத்த சில நிமிடங்களில் இரண்டு கோல்கள். கோவாவை அதன் மண்ணிலேயே வீழ்த்தி முதல் கோப்பை.

2018: அரையிறுதியில் மீண்டும் கோவா வீழ்ந்தது. இறுதியில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3–2 என வென்று இரண்டாம் கோப்பை. அணியில் வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ்.

2020: இரு ஆட்ட அரையிறுதியில் கோவாவை 6–5 எனக் கடந்தது. கொரோனாவால் ஆளில்லா அரங்கில் நடந்த இறுதியில் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 1–3 தோல்வி.

2024: பிளே ஆஃப் சுற்றில் 2–1 என வென்று, கோவா பழைய பாக்கியில் கொஞ்சம் தீர்த்துக்கொண்டது.