உயர்வெப்ப நீராவி வால்வுகளைப் பாதுகாப்பாக இயக்குதல்: திருச்சிராப்பள்ளிக் கொதிகலன் தொழிலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குளிர்ந்த நிலையில் ஒரு வால்வு தாங்கும் அழுத்தத்தை அது சூடேறிய நிலையில் தாங்குவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாது இயக்குவது உயிருக்கு ஊறு விளைவிக்கும். அதற்குரிய காரணங்களையும் இயக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: கொதிகலன், நீராவி, வால்வு, வெப்ப விரிவு, நீர்மோதல்

முன்னுரை

திருவரங்கத் தீவிற்குத் தென்கிழக்கே, திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்புடன் தொடங்கப்பெற்றது. கொதிகலன்களுடன் அவற்றுக்குரிய வால்வுகளும் இங்கு உருவாகின்றன. அனல்மின் நிலையங்களில் நீராவியின் வெப்பநிலை 540 பாகை செல்சியசை எட்டுவதால், வால்வை இயக்குதல் தனித்தேர்ச்சி வேண்டும் பணியாகின்றது.

உலோகமும் வெப்பமும்

300ஆம் வகுப்பைச் சேர்ந்த வார்ப்புக் கரிம எஃகு வால்வு, 38 பாகையில் ஏறத்தாழ 51 பார் அழுத்தத்தைத் தாங்கும். 425 பாகையிலோ அதன் வரம்பு ஏறத்தாழ 29 பாராகக் குறைகின்றது. அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் நெடுங்காலம் இருப்பின், எஃகிலுள்ள கார்பைடு கிராஃபைட்டாக மாறி உலோகம் நொய்மையுறும். எனவே அங்குக் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகே பயன்படுகின்றது. ஆகவே வால்வை மாற்றுவோர் அதன் அளவை மட்டுமன்றி, உடலில் பொறிக்கப்பட்டுள்ள உலோகக் குறியையும் வகுப்பையும் ஒப்பிட்டறிதல் வேண்டும்.

இறுக்கமும் அடைபட்ட நீரும்

ஆப்பு வடிவக் கதவுடைய வால்வைச் சூடாக இருக்கையில் இறுக மூடினால், குளிரும்போது உடற்பகுதி சுருங்கிக் கதவைப் பற்றிக்கொள்ளும். அப்போது நீண்ட நெம்புகோலால் கைச்சக்கரத்தைத் திருப்புவது தண்டை முறித்துவிடக்கூடும். இதற்கு மாறாக, மூடிய வால்வின் மேலறையில் நீர் தங்கியிருக்கப் பின்னர் வெப்பம் ஏறினால், விரிவடைய இடமின்றி அதன் அழுத்தம் கடுமையாக உயரும். நெகிழ்கதவு முதல் இடருக்கும், மேலறை அழுத்தத்தை வெளியேற்றும் துளை இரண்டாவதற்கும் தீர்வாகும்.

இயக்கும் முறை

முதலில் வடிகால் வால்வைத் திறந்து, குழாயில் தங்கிய நீரை அகற்றுதல் வேண்டும். அந்நீரை நீராவி உந்திச் சென்று வளைவுகளில் மோதினால் குழாயும் வால்வும் பிளக்கக்கூடும், இதுவே நீர்மோதல். அடுத்து, சிறிய பக்கவழி வால்வின் வழியே குழாயைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி, இருபுற அழுத்தமும் நெருங்கிய பின்னரே முதன்மை வால்வைத் திறத்தல் வேண்டும். இயக்குபவர் தண்டிற்கு நேராக நில்லாது பக்கவாட்டில் நிற்றல் நன்று.

மிகைவெப்ப நீராவி கண்ணுக்குப் புலப்படாது. வெண்புகையாகத் தோன்றுவது குளிர்ந்து துளியான பகுதியே. ஓசை கேட்டும் புகை காணாத இடமே பேரிடர்மிக்கது. அங்குக் கையை நீட்டிக் கசிவைத் தேடுதல் கூடாது. பழுது பார்ப்பதற்கு முன் இரு வால்வுகளை மூடிப் பூட்டி, இடையிலுள்ள வடிகாலைத் திறந்து வைத்து, அழுத்தமின்மையை உறுதிசெய்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறிய இடர்களுள் பல வெப்பநிலை மாறும் பொழுதுகளிலேயே மிகுதியாகத் தலைதூக்குகின்றன. ஆதலின் கொதிகலனைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் விரைவைக் காட்டிலும் வரிசைமுறையே தொழிலாளரின் உயிரைக் காக்கும் என்பது தெளிவாகின்றது.