நடித்துப் பழகும் மொழி

வெளிநாடு செல்லும் செவிலியர் பலர் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் உருவான இத்தேர்வின் பேச்சுப் பகுதியில் மதிப்பெண் பெறுவது நடிப்புக்கே. தேர்வாளர் செவிலியராகவே பேச, மற்றொருவர் நோயாளியாகவோ உறவினராகவோ அமர்கிறார். அட்டையைப் படித்து ஆயத்தப்பட 3 நிமிடம். பேச ஏறத்தாழ 5 நிமிடம். இப்படி 2 முறை.

வகுப்பில் இதைப் பழக்குவோர் வசனம் எழுதிக் கொடுத்தால் மனப்பாடமே மிஞ்சும். "ஊசி வேண்டாம்" என்பவர், ஊசி போட்டபின் தம்பி இறந்ததை நினைத்து அஞ்சுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (எங்கள் வார்டுகளிலும் இப்படிப்பட்ட பயம் புதிதல்ல.) அந்தக் காரணம் நோயாளியின் அட்டையில் மட்டுமே இருக்கட்டும், செவிலியர் கேட்டுத்தான் அறியவேண்டும். கேட்கத் தெரியாவிட்டால், அந்நிய தேசத்து வார்டிலும் அவர் மருந்தை மறுத்தபடியே படுத்திருப்பார். இலக்கணப் பிழையை நடுவில் திருத்தாதீர்கள். பின்பு இருவரும் இடம் மாறி, மறுபடியும் பேசட்டும்.